கால் மில்லிமீட்டர் விவகாரம்

சுட்டு முடித்த பித்தளைக் கூடு போலீசுக்குக் கணக்கு. பழைய சாமான் கடைக்குக் கிலோ. துப்பாக்கி சுடும் வீரருக்கு மூலதனம். மறுபடி நிரப்பும் முன் அதை எவ்வளவு சீவுவது, எதைக் கொண்டு சீவுவது?

திருவனந்தபுரத்தில் காலித் தோட்டாக் கூடுகள் தலைப்புச் செய்தியானது 2020 பிப்ரவரியில். அந்த மாதம் 12-ம் தேதி கேரள சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, நகரிலுள்ள சிறப்பு ஆயுதப்படை போலீஸ் பட்டாலியனில் 5.56 மி.மீ. இன்சாஸ் ரைஃபிள்கள் 25, தோட்டாக்கள் 12,061 குறைகின்றன என்றது. ரைஃபிள் விஷயம் சீக்கிரமே தீர்ந்தது. குற்றப்பிரிவு போலீசார் ரைஃபிள்களை முகாமுக்கு வரவழைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். கண்ணெதிரே 647, மிச்சம் 13 மணிப்பூரில் பணியில் இருந்த படையினரிடம். ஆக 660, கணக்கு சரி. தோட்டாக் கணக்குதான் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. 250 தோட்டாக்களின் இடத்தில் போலிகளை வைத்திருந்ததாகத் தணிக்கை அறிக்கையே சொல்லியிருந்தது. விசாரணையில் இன்னொரு சங்கதியும் கிளம்பியது. காலிக் கூடுகளை உருக்கி முகாமுக்கென்று ஒரு பித்தளைச் சின்னம் வார்த்திருக்கிறார்கள் என்று கூறி, குற்றப்பிரிவு அந்தச் சின்னத்தையும் கைப்பற்றியது.

வெறும் கூட்டுக்கு இத்தனை அமர்க்களமா என்று தோன்றலாம். ஆனால் எந்தப் போலீஸ் படையிலும் சுடும் பயிற்சி முடிந்ததும் முதல் வேலை குனிந்து கூடு பொறுக்குவதுதான். நூறு தோட்டா வாங்கிப் போனவர்கள் நூறு கூட்டைத் திருப்பித் தர வேண்டும். தோட்டா சுடப்பட்டதற்கு அந்தப் பித்தளைதான் ரசீது.

அதே நகரத்தில் இதே பித்தளையை வேறு கண்ணோடு பார்க்கும் சிறு கூட்டம் ஒன்று உண்டு. வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த துப்பாக்கி சுடும் அரங்கம் பிறகு தேசிய சாம்பியன்ஷிப்பையும் நடத்தியது. 2017 டிசம்பரில் பதினைந்து வயது மனு பாக்கர் ஒன்பது தங்கம் அள்ளியது இங்கேதான். அங்கு நாள் முழுக்க வெடிக்கும் தோட்டாக்களில் பெரும்பகுதியை மறுபடி நிரப்ப முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏர் ரைஃபிளிலும் ஏர் பிஸ்டலிலும் தோட்டாவே கிடையாது. காற்றழுத்தத்தில் பாயும் ஈயத் துணுக்குதான். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும். அதோடு அந்தக் கூட்டின் ஆயுள் சரி.

மிச்சம் இருப்பது சென்டர் ஃபயர் வகை. அடிப்பாகத்தின் நடுவில் தனியாகச் செருகிய பிரைமர், அதாவது கேப், கொண்ட தோட்டாக்கள். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் பயன்படும் .32 தோட்டா, 300 மீட்டர் போட்டியின் பெரிய ரைஃபிள் தோட்டா, லைசென்ஸ்தாரர்களிடம் இருக்கும் .315 தோட்டா எல்லாம் இந்தக் குடும்பம். ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா, 2006 தோஹா ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற நிகழ்ச்சி இந்த சென்டர் ஃபயர் பிஸ்டல்தான். தோஹாவில் அவர் எடுத்த 590 அன்றைய உலக சாதனைக்குச் சமம். ஒரு போட்டிக்கு 60 குண்டு. அதற்கான பயிற்சிக்கோ ஆயிரக்கணக்கில் வேண்டும்.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு: கூடு, பிரைமர், மருந்து, குண்டு. இவற்றில் பொதுவாக விலை அதிகமானது கூடுதான். சுட்ட பிறகும் கையில் மிஞ்சுவது அது ஒன்றுதான். ஆகவே புதிய பிரைமர் பொருத்தி, மருந்து அளந்து போட்டு, குண்டைச் செருகி அதே கூட்டை மறுபடி பயன்படுத்துவது உலகெங்கும் துப்பாக்கி வீரர்களின் வழக்கம். அமெரிக்காவில் இதற்கான கருவிகள் கடையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும். இந்தியாவில் நிலைமை வேறு. அதற்குப் பிறகு வருவோம்.

பித்தளை நகர்கிறது

தோட்டாக் கூட்டுக்கான பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இழுத்தால் நீளும், விரிந்தால் கொஞ்சம் சுருங்கியும் கொள்ளும் என்பதால் தேர்ந்தெடுத்த விகிதம் இது. துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் கூடு பலூன் போல விரிந்து தோட்டா அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது; வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது; அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி வெளியே வர இடம் கொடுக்கிறது. .308 ரக ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டு.

விரிந்த கூட்டை மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவர, பிரெஸ்ஸில் மாட்டிய எஃகு டைக்குள் அழுத்துகிறார்கள். சுற்றளவு குறைகிறது. குறைந்த உலோகம் எங்காவது போக வேண்டும் அல்லவா? கூட்டின் கழுத்தை நோக்கி நகர்கிறது. பிதுக்கிய பற்பசை போல என்றால் மிகை. ஆனால் திசை அதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டரின் சில நூறில் ஒரு பங்கு. நாலைந்து முறை சுட்டு அழுத்திய பிறகு கூடு கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்திருக்கும்.

.308 கூட்டின் நீளம் 51.18 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சீவிக் கொண்டுவர வேண்டிய அளவு 50.93. இன்சாஸில் போகும் 5.56-ன் சிவிலியன் உறவான .223-க்கு 44.70, சீவிய பிறகு 44.45. இரண்டிலும் இடைவெளி கால் மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று தலைமுடியின் கனம்.

இந்தக் கால் மில்லிமீட்டரை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? தோட்டா அறையின் முனையில், குழலின் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஓர் ஒடுக்கம் உண்டு. நீண்டுவிட்ட கூட்டின் வாய் அந்த ஒடுக்கத்தில் போய் முட்டிக் குண்டை இறுகக் கவ்விக்கொள்ளும். மருந்து பற்றியதும் குண்டு விடுபட்டுக் கிளம்ப வேண்டும். கழுத்து விரிய இடமில்லாததால் அது தாமதிக்கும். அந்த நொடியின் துணுக்கில் அழுத்தம் வரம்பை மீறிப் போகலாம். மருந்து சரியான எடை, குண்டு சரியான எடை, துப்பாக்கியும் புதிது. இருந்தும் சுடுபவரின் கன்னத்துக்கு ஓர் அங்குலத்தில் ஆபத்து. இந்தத் தொழிலில் மருந்து நிறுப்பதற்குக் காட்டும் கவனத்தைப் பலரும் நீளம் அளப்பதற்குக் காட்டுவதில்லை என்பதுதான் விந்தை.

முதலில் வெர்னியர்

சீவும் கருவி வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது வெர்னியர் காலிபர். டயல் வைத்ததோ டிஜிட்டலோ, ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கைக் காட்டினால் போதும். அளக்க வேண்டிய நேரம், டையில் அழுத்திய பிறகு. அழுத்தும்போதுதான் கூடு நீள்கிறது என்பதால், முன்கூட்டியே அளந்து சீவி வைத்தவர் மறுபடி அளக்க வேண்டி வரும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, பத்துக் கூட்டையாவது அளந்து பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். எல்லாமே வரம்புக்குள் இருந்தால் அன்றைக்குக் கருவியைத் தொட வேண்டியதே இல்லை.

பிஸ்டல்காரர்களுக்கு இதில் நிம்மதி. .32 போன்ற நேர்ச்சுவர்க் கூடுகள் அநேகமாக நீளுவதில்லை. சில சுடச்சுடக் குட்டையாகிக்கூடப் போகின்றன. வாய்ப்பகுதியை உள்ளே மடித்துக் குண்டைப் பிடிக்க வைப்பவர்கள், மடிப்பு ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதற்காக ஒரு தடவை எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான். அவர்களுக்கு விலையுயர்ந்த இயந்திரத்தை யாராவது சிபாரிசு செய்தால் சந்தேகப்படலாம்.

ரைஃபிள்காரருக்கு நாலு வழிகள். எல்லாவற்றிலும் எளியது கைக்கருவி. 'லீ' என்ற அமெரிக்கக் கம்பெனி பிரபலப்படுத்தியது. ஒரு வெட்டும் தலை. அதன் நடுவே ஒரு ஊசி. கூட்டின் வாய் வழியாக நுழையும் ஊசி, அடியிலுள்ள பொறித்துளை வழியாக வெளியே வந்து பிடிப்பானின் தரையில் முட்டும்போது வெட்டு தானே நின்றுவிடும். நீளம் ஊசியிலேயே தீர்மானமாகியிருப்பதால் பிழை செய்வது கடினம். விரும்பினால் கை டிரில்லில் மாட்டிச் சுற்றலாம். ஆனால் ஒவ்வொரு தோட்டா ரகத்துக்கும் ஓர் ஊசி வேண்டும். இஷ்டத்துக்கு அளவை மாற்ற முடியாது. மாதம் ஐம்பது, நூறு கூடு கையாளுபவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இதில் இந்தியர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். பிரைமரில் இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. பாக்ஸர் முறையில் கூட்டின் நடுவே ஒரே துளை. பெர்டான் முறையில் நடுவில் ஒரு மேடு, அதன் இருபுறமும் இரண்டு சிறு துளைகள். பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். கடைசியில் பிரிட்டிஷ் ராணுவம் பெர்டானுக்கும் அமெரிக்கா பாக்ஸருக்கும் போனது சரித்திரத்தின் குறும்பு. பிரிட்டிஷ் ராணுவ மரபில் வந்த .303 கூடுகள் பெர்டான் வகை. நடுத்துளை இல்லாத அவற்றில் கைக்கருவியின் ஊசி நுழையாது. பழைய பிரைமரைக் குத்தித் தள்ளுவதே பெரும்பாடு. ஆக, கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, குட்டி லேத். கைப்பிடியைச் சுற்றும் வகை. ஃபார்ஸ்டர், லைமன், ஆர்.சி.பி.எஸ். என்று பல பெயர்களில் வருகிறது. ஒரு முனையில் கூட்டின் அடியைப் பிடிக்கும் காலெட். மறுமுனையில் வெட்டும் தலை. கழுத்துக்குள் நுழைந்து வழிகாட்டும் ஒரு தண்டு. தண்டை மாற்றினால் எந்த ரகத்தையும் சீவலாம். திருகாணியில் நீளம் வைத்துக்கொள்ளலாம். குறை, காலெட் எல்லாக் கூட்டையும் ஒரே ஆழத்தில் பிடிக்காது. அடிவிளிம்பில் பிசிறு இருந்தால் அளவு கொஞ்சம் முன்பின் போகும். வில்சன் கம்பெனியின் கருவி இந்தக் குறையை வேறு விதமாகத் தீர்க்கிறது. அடியைப் பிடிக்காமல், கூட்டின் உடம்புச் சரிவை ஓர் எஃகு உறையில் இறுக்குகிறது. வேலை மெதுவாக நடக்கும். வெட்டு மட்டும் கண்ணாடி மாதிரி நேராக விழும். 300 மீட்டர்காரர்கள் அதை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது, கூட்டின் தோள்பட்டையில் ஊன்றி அளக்கும் மோட்டார் கருவி. கூட்டை உள்ளே தள்ளி மூன்று நொடியில் எடுத்துவிடலாம். ஜிராட் என்ற கருவி சீவும்போதே உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் சேர்த்துச் சரிவாக்கிவிடுகிறது. ஆனால் அளவு அடியிலிருந்து அல்ல, தோளிலிருந்து என்பதை மறக்கக் கூடாது. டை சரியாக அழுத்தாமல் தோள் முன்னே பின்னே இருந்தால் மொத்த நீளமும் அதே போல ஆடும். டில்லான் கம்பெனியின் இயந்திரம் இன்னும் ஒரு படி மேலே போய், பிரெஸ்ஸில் அழுத்தும் வேலையையும் சீவும் வேலையையும் ஒரே இழுப்பில் முடிக்கிறது. ஆயிரக்கணக்கில் கூடு வைத்திருக்கும் சங்கத்துக்கு அது சரி. தனி ஆளுக்கு ஆடம்பரம்.

நாலாவது எல்லாவற்றிலும் பழையது. மற்ற மூன்றையும் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். கடினப்படுத்திய எஃகு டை ஒன்றில் கூட்டை ஏற்றினால், மிகுதி நீளம் மேலே எட்டிப் பார்க்கும். அதை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். டை அரத்தை விடக் கடினம் என்பதால் அதற்குச் சேதமில்லை. கரண்டும் வேண்டாம், தண்டும் வேண்டாம். பெர்டான் கூட்டுக்கும் இது ஒத்துவரும். பொறுமைதான் வேண்டும்.

எந்த வழியானாலும் சீவிய வாயில் பிசிறு நிற்கும். அதை உள்ளேயும் வெளியேயும் கூம்புக் கத்தியால் இரண்டு சுற்று சுற்றி எடுக்காவிட்டால், குண்டைச் செருகும்போது அதன் செம்பு உறை கீறிப் போகும். இரண்டு சுற்று என்றால் இரண்டுதான். ஆர்வக் கோளாறில் ஐந்தாறு சுற்று சுற்றி வாயைப் பிளேடு போலாக்கி வைப்பவர்கள் உண்டு.

கழுத்தில் வளர்ந்தது எங்கிருந்து வந்தது?

சீவி எடுத்த பித்தளைச் சுருள் கூட்டின் கழுத்தில் முளைத்ததல்ல; கீழே இருந்து வந்தது. கூட்டின் அடிக்குச் சற்று மேலே, கனமான அடிப்பாகம் மெல்லிய சுவராக மாறும் இடத்தில் உலோகம் மெலிந்துகொண்டே போகிறது. வெளியே அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் எச்சரிக்கை. மெல்லிய கம்பியின் முனையை வளைத்து உள்ளே விட்டுச் சுவரைத் தடவினால், பள்ளம் இருக்கும் இடத்தில் சிக்கும். சிக்கினால் சீவுவதில் பயனில்லை. அடுத்த வெடியில் கூடு இரண்டாகப் பிரியலாம்.

இதற்குப் பேர்போனது .303. சேறும் மண்ணும் புகுந்தாலும் தோட்டா சிக்கக் கூடாது என்று லீ என்ஃபீல்டு ரைஃபிளின் அறையைத் தாராளமாகக் கடைந்திருந்தார்கள். போர்க்களத்துக்கு அது வரம். கூட்டை மறுபடி நிரப்புபவருக்குச் சாபம். தளர்வான அறையில் கூடு ஒவ்வொரு முறையும் நன்றாகவே நீளும். அடிக்கடி சீவ வேண்டி வருகிறது என்பதே அந்தக் கூட்டின் நாட்கள் எண்ணப்படுவதற்கு அடையாளம். முழுக் கூட்டையும் அழுத்தாமல் கழுத்தை மட்டும் அழுத்தி அதே ரைஃபிளில் பயன்படுத்துபவர்கள் அதன் ஆயுளைக் கூட்டிக்கொள்கிறார்கள். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு இந்த ரைஃபிளுக்கு விடை கொடுத்துவிட்டது.

இந்தியத் தட்பவெப்பம் பித்தளைக்குச் செய்த வேறொரு கொடுமை உலோகவியல் பாடப்புத்தகங்களிலேயே ஏறியிருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் படை நடவடிக்கையைக் குறைத்துக்கொண்டு தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைக்கும். மழை விட்டுத் திறந்து பார்த்தால், யாரும் தொடாத கூடுகளில் கழுத்தோரம் விரிசல். பருவகாலத்தில் வருவதால் அதற்குப் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் விளங்கியது 1921-ல். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரக் காற்றோடு சேர்ந்து, ஏற்கெனவே உள்ளே இறுக்கத்தோடு இருக்கும் பித்தளையைத் தின்கிறது. டையில் அழுத்துவதும் குண்டைச் செருகுவதும் இதே இறுக்கத்தைத்தான் கழுத்தில் ஏற்றுகின்றன. கழுத்தை மட்டும் சூடாக்கிப் பதத்தை இளக்கினால் அது தணியும். அடிப்பாகத்துக்குச் சூடு ஏறவே கூடாது. அது இளகினால் அழுத்தத்தைத் தாங்காது.

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று இரண்டையும் வாங்கும் திருவனந்தபுரத்தில் இன்று லாயம் இல்லை. ஆனால் அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ்கள் இருக்கின்றன. குத்துவிளக்குக்கு நல்லது, தோட்டாக் கூட்டுக்கு ஆகாது. எலுமிச்சைப் புளிப்பைத் தண்ணீரில் லேசாகக் கரைத்துச் சில நிமிடம் ஊற வைத்து அலசினால் போதும். அதிக நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து கூடு ரோஸ் நிறமாகும். அது அழகல்ல, நோய்.

சட்டத்தின் அளவுகோல்

இத்தனையும் தெரிந்த ஒருவர் நாளைக்கே வீட்டு மேஜையில் பிரெஸ் பொருத்திக்கொள்ளலாமா? கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு லைசென்ஸ் இல்லாமல் தோட்டா உற்பத்தி செய்வதைத் தடுக்கிறது. காலிக் கூட்டை நிரப்பினாலும் பிறப்பது தோட்டாதான். தோட்டாவின் பாகங்களையும் 'தோட்டா' என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே சட்டம் சேர்த்திருக்கிறது. மருந்துக்கு வெடிபொருள் சட்டமும் உண்டு. துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருப்பது இதற்கெல்லாம் அனுமதியாகாது. ஒருவர் எவ்வளவு தோட்டா வாங்கலாம், வைத்திருக்கலாம் என்ற வரம்பைத்தான் அது சொல்கிறது.

தேசத்தின் தோட்டாக்களோ தொழிற்சாலைகளில் உருவாகின்றன. நீலகிரி அருவங்காட்டின் கார்டைட் தொழிற்சாலை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உந்துமருந்து செய்கிறது. புனே அருகே கட்கியில் தோட்டாத் தொழிற்சாலை தொடங்கியது 1869-ல். இரண்டும் 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனியின் கீழ் இருக்கின்றன. புதுத் தோட்டா வாங்குவதைத் தவிர வேறு வழி தெரியாத இளம் பிஸ்டல் வீரருக்குப் பயிற்சியின் அளவைத் தீர்மானிப்பது பணம்தான். உரிய அனுமதியும் பூட்டிய அறையும் பதிவேடும் உள்ள சங்கங்கள், பயிற்சி பெற்ற ஒருவரை வைத்து நிரப்பித் தரும் ஏற்பாட்டுக்கு மறுப்புச் சொல்ல நியாயமான காரணம் தெரியவில்லை. கணக்கு தப்பும் என்று அஞ்சினால், பேரூர்க்கடையில் தப்பியது புதுத் தோட்டாவின் கணக்கு என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

வெளிநாடுகளில் கவனமானவர்கள் ஒரே பெட்டித் தோட்டாக்களின் கூடுகளைக் கலக்காமல் சேர்த்து வைத்து, எத்தனை முறை சுட்டது, எப்போது சீவியது என்று பெட்டி மேலேயே குறித்து வைக்கிறார்கள். கழுத்து வெடித்ததும், வளையம் தெரிந்ததும் அந்தக் குவியலிலிருந்து விலக்கப்படும். விலக்கியது கை தவறி மறுபடி உள்ளே போய்விடாமல் இருக்க, இடுக்கியால் அதன் வாயை அப்போதே நசுக்கிவிடுகிறார்கள்.